மரக்கறி அவித்த தண்ணீர்

கொட்டாஞ்சேனையில் அங்கிள் வீட்டில் சாப்பாடு எடுத்த காலத்தில் எங்களுக்கு முதலில் கிடைப்பது சோறு அல்ல, ஒரு கிளாஸ் தண்ணீர். குடிக்கிற தண்ணீர் என்று நினைத்துவிடாதீர்கள். மரக்கறி அவித்த தண்ணீர். போஞ்சிக்காய் அவித்த நாளில் வெளிறிய பச்சையாக இருக்கும். பூசணி என்றால் மஞ்சள். பீட்றூட் நாளில் அதைப் பார்த்துவிட்டு, புதிதாகச் சாப்பிட வந்திருந்த வங்கி உத்தியோகத்தர் ஒருவர் கதிரையைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு எழும்பியேவிட்டார். மிளகுத்தூள் ஒரு சிட்டிகை, தேசிக்காய்ப் புளி கொஞ்சம், அவ்வளவுதான் அதற்குச் செய்யும் அலங்காரம். அதைக் குடித்து முடிக்கும்வரை சோற்றுச் சட்டியின் மூடி திறக்காது.

"என்ன மூஞ்சையைச் சுழிக்கிறீங்கள்? கறியில இருக்கிறது சக்கை. சத்து முழுக்க இதுக்குள்ளதான் கிடக்குது," என்பார் அங்கிள். "சத்தைத் தொட்டிக்குள்ள ஊத்திப்போட்டு, பிறகு பார்மசியில போய்க் குளிசையா வாங்கித் தின்னுற சனம் நாங்கள்."

நான் அப்போது திருகோணமலையிலிருந்து வந்து, கப்பல் முகவர் கந்தோர் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். கொட்டாஞ்சேனைச் சந்து ஒழுங்கை ஒன்றில், ஒரு வீட்டின் மேல்மாடியில் போடிங் அறை. அந்த வீட்டுக்காரி சமைக்க மாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டதால், நாலு வீடு தள்ளி இருந்த அங்கிளிடம் போய்ச் சேர்ந்தேன். அவர் துறைமுகத்தில் சரக்குக் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். கட்டைச் சாரம், பனியன், கழுத்தில் செபமாலை, காதில் ஒரு பென்சில். என்னைப்போல ஏழெட்டுப் பேருக்கு மத்தியானம் பார்சலும் இரவு வீட்டில் சாப்பாடும் கொடுத்தார். பெயர் சொல்லி அழைத்தவர்களை நான் கண்டதில்லை. சின்னவர், பெரியவர், முச்சக்கர வண்டிக்காரர், கோயில் ஐயா எல்லாருக்கும் அவர் அங்கிள்தான்.

துறைமுகத்தில் வேலை செய்த மனிதருக்குக் கப்பலில் வந்த உருளைக்கிழங்கைக் கண்டால் ஆகாது. "அது கிழங்கில்லைத் தம்பி, கிழங்கின்ர பிரேதம்," என்பார். சந்தையில் அவர் கேட்கும் ஒரே கேள்வி, "மேவா கவதாத கெடுவே?" சிங்களத்தில், எப்போது பறித்தது என்று அர்த்தம். அவர் மல்லி, அதாவது தம்பி, என்று அழைக்கும் வியாபாரி கண்ணை இமைக்காமல், "அத உதே, அங்கள்," என்பான். இன்று காலை. மழைக்காலமென்றாலும் வெயில் காலமென்றாலும், உலகத்து மரக்கறி முழுவதும் அன்று காலையில்தான் பறிக்கப்பட்டிருக்கும். அங்கிள் ஒரு போஞ்சியை எடுத்துக் காதுக்குப் பக்கத்தில் பிடித்து முறிப்பார். டக் என்று சத்தம் வந்தால் வாங்குவார். வராவிட்டாலும் கொஞ்ச நேரம் மல்லியைத் திட்டிவிட்டு வாங்குவார், ஏனென்றால் இரவுக்கு நாங்கள் வந்துவிடுவோம்.

வல்லாரைச் சம்பல் என்றால் அது ஒரு பெரிய இராணுவ நடவடிக்கை. இலையை வெட்டினால் அந்த நிமிடத்திலிருந்தே சத்து கழன்று போகத் தொடங்கிவிடுமாம். ஆகவே நாங்கள் பஸ்ஸில் வரும்போதே தொலைபேசி அடிக்கும். "எங்க நிக்கிறீங்கள்?" சந்தியில் இறங்கிவிட்டோம் என்றால்தான் அவர் கத்தியை எடுப்பார். பொய் சொல்லி முன்கூட்டியே வெட்டவைத்த ஒருவனை ஒரு கிழமை முழுவதும் அவர் தம்பி என்று அழைக்கவில்லை, மிஸ்டர் என்றுதான் அழைத்தார். முட்டைக்கோவா என்றால் கதை தலைகீழ். கோவாவை வெட்டியவுடன் அடுப்பில் ஏற்றக்கூடாது. வெட்டி வைத்து, கொஞ்ச நேரம் சும்மா விடவேண்டும். அப்போதுதான் அதற்குள் இருக்கிற நல்லது உண்டாகுமாம், வெட்டின கையோடு நெருப்பில் போட்டால் உண்டாகுமுன்னே செத்துவிடுமாம். உள்ளிப்பூண்டும் அப்படித்தான். நாங்கள் பசியில் மேசையில் தாளம்போட, அவர் வெட்டிய கோவாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் வாசிப்பார். "கோவா ஆறுதல் எடுக்குது. நீங்களும் எடுங்கோ," என்பார்.

இதெல்லாம் அவருக்கு யார் சொன்னார்கள் என்று கேட்டால் பதில் ஒரு மாதிரி இருக்கும். கொஞ்சம் பேப்பரில் வாசித்தது, கொஞ்சம் வட்ஸப்பில் வந்தது, கொஞ்சம் அவராகவே முடிவெடுத்தது. எங்களோடு சாப்பிட்ட தர்ஷினி, மட்டக்குளிப் பக்கம் மரக்கறியும் பழமும் தகர ரின்னில் அடைக்கும் தொழிற்சாலை ஒன்றின் ஆய்வுகூடத்தில் வேலை செய்தாள். படித்ததும் அந்தப் படிப்புத்தான். அவளும் அங்கிளும் முட்டிக்கொள்ளாத இரவு குறைவு.

"அங்கிள், எல்லாச் சத்தும் தண்ணியில கரையாது. கரட்டில இருக்கிற அந்த நிறச்சத்து, கொழுப்பிலதான் கரையும். கொஞ்சம் எண்ணெயோ தேங்காய்ப்பாலோ சேர்க்காட்டில் நீங்கள் கரட் தண்ணி குடிச்சும் வேலையில்லை."

"உங்கட பாக்டரியில சொல்லித் தந்ததோ?"

"தக்காளியும் அப்பிடித்தான். காய்ச்சக் காய்ச்சத்தான் அந்தச் சிவப்புச் சத்து உடம்பில நல்லாச் சேரும். ரின்னில அடைச்சாலும் அது அவ்வளவு லேசில போகாது."

ரின் என்ற சொல்லைக் கேட்டதும் அங்கிள் எழும்பிக் குசினிக்குள் போய்விட்டார். அடுத்த கிழமை எங்கள் மேசைக்கு நல்லெண்ணெயில் வதக்கிச் சுண்டக் காய்ச்சிய தக்காளிக் குழம்பு ஒன்று வந்தது. கடும் சிவப்பு. "தக்காளியைப் பச்சையாத் தின்னுறது மடத்தனம்," என்று அங்கிள் எங்களுக்கு விளக்கினார், தர்ஷினியின் முகத்தைப் பார்த்தபடியே. "நான் கண்டுபிடிச்சனான்." தர்ஷினி கொடுப்புக்குள் சிரித்துக்கொண்டு இரண்டாவது முறையும் போட்டுச் சாப்பிட்டாள்.

ஒரு முறை, எங்களோடு சாப்பிட்ட ஒருவரின் கலியாணத்துக்கு எல்லோரும் வெள்ளவத்தைக்குப் போயிருந்தோம். பந்தியில் வைத்த போஞ்சிக் கறியை அங்கிள் விரலால் தூக்கி வெளிச்சத்துக்குப் பிடித்தார். பளபளவென்று பச்சை. "இது கொடியில கிடக்கேக்கையே இவ்வளவு பச்சையா இருந்திருக்காது," என்றார், பக்கத்துப் பந்திக்கும் கேட்கும்படி. "அப்பச்சோடா போட்டு அவிச்சிருக்கிறான். நிறத்தைக் காப்பாத்திப்போட்டுச் சத்தைக் கொன்றிட்டான்." பெண்ணின் மாமனார்தான் சமையலுக்குப் பொறுப்பு என்பதும், அவர் எங்களுக்குப் பின்னால்தான் நின்றார் என்பதும் பிறகுதான் தெரிந்தது. அங்கிளின் மனைவி, எங்களுக்கு அன்ரி, தலையைக் குனிந்துகொண்டு, "வாயை மூடிக்கொண்டு சாப்பிடுங்கோவன் அப்பா," என்றார். அங்கிள் வாயை மூடினார். ஆனால் சாப்பிடவில்லை. போஞ்சி இலையின் ஓரத்தில் அப்படியே கிடந்தது.

அன்ரியைப் பற்றி இவ்வளவு நேரம் சொல்லாமல் இருந்தது தவறு. அங்கிளின் சத்துப் பைத்தியத்துக்குக் காரணமே அவர்தான். பிள்ளைகள் இல்லை. நாங்கள் சாப்பிட வருவதற்குப் பல வருடங்களுக்கு முன்னாலேயே அன்ரிக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, வந்துவிட்டது, கூடவே பிரஷரும். அப்போது டொக்டர் சொன்னாராம், குளிசை ஒரு பக்கம் இருக்கட்டும், மரக்கறி நிறையக் கொடுங்கள் என்று. டொக்டர் பத்து நோயாளிக்குச் சொல்வதைத்தான் இவருக்கும் சொல்லியிருப்பார். அங்கிள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். மனைவியைத் தன் பக்கத்தில் வைத்திருக்கும் வழி மரக்கறிக்குள்தான் இருக்கிறது என்றும், அதில் ஒரு துளி வீணாகப் போனாலும் அன்ரியின் ஆயுளில் அவ்வளவு போகிறது என்றும் நம்பத் தொடங்கினார். முதல் கிளாஸ் தண்ணீர் எப்போதும் அன்ரிக்குத்தான். எங்களுக்கு வந்தது மிச்சம்.

அன்ரி மெல்லிய மனுசி, அதிகம் கதைக்க மாட்டார். கதைத்தால் சிரிக்காமல் இருக்க முடியாது. "மற்ற ஆம்பிளையள் பெண்சாதிக்கு நகை வாங்கிக் குடுப்பினம்," என்று ஒரு நாள் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார். "என்னை இவர் தண்ணி ஊத்தி வளர்க்கிறார் தம்பி."

நான் அங்கே சாப்பிடத் தொடங்கி இரண்டு வருடம் ஆகியிருக்கும். அன்ரியின் கால் வீங்கத் தொடங்கியது. கிளினிக்கில் பரிசோதித்துவிட்டு, இரண்டு சிறுநீரகமும் பழுதாகிக்கொண்டு போகிறது என்றார்கள். சீனி வருத்தம் நெடுங்காலம் இருந்தால் அப்படி வருவதுண்டாம். அங்கிளின் சமையலுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று டொக்டரே சொன்னார். ஆனால் சாப்பாட்டு ஆலோசனை சொல்லும் மிஸ்ஸிடம் அனுப்பினார்கள். அங்கேதான் அங்கிளின் உலகம் குடைசாய்ந்தது.

அன்று இரவு மேசையில் கிளாஸ் வரவில்லை. அங்கிள் எங்களோடு உட்கார்ந்தார். சாப்பாட்டு மேசையில் அவர் உட்கார்ந்து நான் கண்டதே குறைவு.

"பொட்டாசியம் எண்டு ஒண்டு மரக்கறியில இருக்குதாம்," என்றார் தர்ஷினியைப் பார்த்து. "உங்களுக்கு எனக்கு அது நல்லதாம். கிட்னி ஏலாத ஆளுக்கு அது வெளியில போகாதாம். இரத்தத்துக்குள்ளேயே கூடிக்கூடி, ஒரு நாளைக்கு இருந்தாப்போல இதயத்தை நிப்பாட்டிப்போடுமாம். மெய்யோ?"

"மெய்தான் அங்கிள்."

"முருங்கையிலை குடுக்கக் கூடாதாம். வல்லாரை, பொன்னாங்காணி ஒண்டும் கூடாதாம். மற்ற மரக்கறியைத் தோலைச் சீவி, சின்னச் சின்னனா வெட்டி, ஊற வச்சு, நிறையத் தண்ணி விட்டு அவிச்சு, அந்தத் தண்ணியை ஊத்திப்போட்டுத்தான் கறி வைக்கோணுமாம்." காதில் இருந்த பென்சிலை எடுத்து மேசையில் வைத்தார். "சத்தெல்லாம் போயிடுமே மகள்?"

எப்போதும் அவரோடு மல்லுக்கட்டும் பெண் அன்று மிகவும் மெதுவாகத்தான் சொன்னாள். "போகத்தான் வேணும் அங்கிள். அவவுக்கு அதுதான் நல்லம்."

அவர் செய்தார். எங்களுக்கு ஒரு சட்டி, அன்ரிக்குத் தனிச் சட்டி. நான் மத்தியானப் பார்சல் எடுக்கப் போகும் நேரம், குசினியில் குந்தியிருந்து உருளைக்கிழங்கைச் சோளன்மணி அளவுக்குப் பொடியாக வெட்டிக்கொண்டிருப்பார். எதை எவ்வளவு நேரம் ஊறவைக்க வேண்டும் என்று மிஸ் சொன்னதை, துறைமுகத்தில் சரக்கு எண்ணிய அதே கவனத்தோடு கடைப்பிடித்தார். எங்களுக்குத் திருப்தியாக இருந்தது. அன்ரியின் கால் வீக்கமும் குறைந்தது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அன்ரிக்குக் கட்டிலை விட்டு எழும்ப முடியாமல் போய்விட்டது. காலைத் தூக்கச் சொன்னால் தூக்க முடியவில்லை. நெஞ்சு ஒரு மாதிரிப் படபடக்கிறது என்றார். முச்சக்கர வண்டியில் அன்ரியை நடுவில் வைத்து அங்கிளும் நானும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இரத்தத்தைப் பார்த்தவுடனே டொக்டர்மார் ஓடத் தொடங்கினார்கள். பொட்டாசியம் கூடிவிட்டது. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் காப்பாற்றியிருக்க முடியாது என்று ஒரு தாதி என்னிடம் சொன்னார். அங்கிளிடம் நான் அதைச் சொல்லவில்லை.

செய்தி கேட்டுத் தர்ஷினியும் வந்துவிட்டாள். வார்டுக்கு வெளியே வாங்குப் பலகையில் மூன்று பேரும் இருந்தோம். அங்கிள் திரும்பத் திரும்ப ஒன்றையேதான் சொன்னார்.

"சொன்னபடிதான் செய்தனான். தோல் சீவினன். பொடியா வெட்டினன். ஊறவச்சன். தளதளவெண்டு கொதிக்க விட்டன். தண்ணியை ஒட்ட வடிச்சன். பிறகு எப்பிடி?"

"அங்கிள்," என்றாள் தர்ஷினி. "வடிச்ச தண்ணியை என்ன செய்தனீங்கள்?"

"சொதி வச்சனான்."

எந்தத் தயக்கமும் இல்லாமல் சொன்னார். அன்ரிக்கு இரவில் இடியப்பமும், அந்தத் தண்ணீரில் தேங்காய்ப்பால் விட்டு வைக்கும் சொதியும்தான் சாப்பாடு. கறியில் தண்ணீர் இருக்கக்கூடாது என்று சொன்னார்கள், வடித்துவிட்டார். சொதியைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லையே. முப்பது வருடமாக அவர் வீட்டில் மரக்கறித் தண்ணீர் தொட்டிக்குள் போனதில்லை. "வேற என்னத்துக்கு எடுக்கிறது? அவ்வளவையும் ஊத்துறதே?" என்று கேட்டுக்கொண்டே தர்ஷினியின் முகத்தைப் பார்த்தார். அவள் அவர் கையைப் பிடித்தாள். அவருக்கு விளங்கிவிட்டது.

ஒரு பெரிய மனிதர் அப்படி அழுது நான் அதற்குமுன் பார்த்ததில்லை. சத்தம் இல்லை. பனியனுக்கு மேலே அவசரத்தில் மாட்டிக்கொண்டு வந்த சேட்டின் நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு அழுதார். "கிழங்கில இருந்ததையெல்லாம் கறந்து கறந்து நான்தான் அவவுக்குக் குடுத்தனான்," என்றார்.

அன்ரி பிழைத்துக்கொண்டார். வார்டில் எழும்பி உட்கார்ந்த பிறகு அங்கிளே அவரிடம் எல்லாவற்றையும் சொன்னார். நானும் பக்கத்தில் நின்றேன்.

"அதுதான் சொதி அந்த மாதிரி ருசியா இருந்தது," என்றார் அன்ரி.

வீட்டுக்கு வந்த பிறகு அங்கிள் அவித்த தண்ணீரைத் தொட்டிக்குள் ஊற்றினார். முதல் முறை ஊற்றும்போது நான் குசினி வாசலில் நின்றேன். சட்டியைத் தொட்டிக்கு மேலே சரித்துக்கொண்டு முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஆவி அவர் கழுத்தில் அடித்தது. பிறகு குழாயைத் திறந்து, அந்தப் பச்சை நிறம் தொட்டியில் இருந்து முழுவதும் போகும்வரை தண்ணீர் விட்டார். சட்டியில் புதுத் தண்ணீர் பிடித்து, மறுபடியும் அடுப்பில் ஏற்றினார். எங்கள் கிளாஸும் அத்தோடு நின்றுவிட்டது. எங்களுக்குக் கொடுக்கலாம்தானே, எங்கள் கிட்னிக்கு ஒன்றும் இல்லையே என்று நான் கேட்டேன். வீட்டுக்குள் அந்தத் தண்ணீர் இருந்தால் தன் கை சும்மா இராது என்றார். நாங்கள் முகம் சுழித்துக் குடித்த அந்தக் கிளாஸை, சொன்னால் நம்பமாட்டீர்கள், நாங்கள் எல்லோரும் தேடினோம்.

கொஞ்ச நாளில் இன்னொன்றையும் கவனித்தோம். எங்கள் சட்டியில் இருந்து அங்கிள் தனக்கு ஒன்றும் போட்டுக்கொள்வதில்லை. அன்ரியின் சட்டியில் இருந்துதான் சாப்பிட்டார். இரண்டு தண்ணீரில் அவித்து, நிறமும் மணமும் கழன்ற, உப்பில்லாத கிழங்கு. கோவாவா பூசணியா என்று கண்ணை மூடிக்கொண்டு தின்றால் கண்டுபிடிக்க முடியாது. சத்து என்ற சொல்லை நாளுக்கு நாற்பது தரம் உச்சரித்த மனிதர் அதை மென்று விழுங்கினார்.

"உங்களுக்கு ஏன் அங்கிள்? நீங்கள் எங்கட கறியைச் சாப்பிடலாந்தானே," என்றேன்.

"அவ தனியச் சாப்பிட்டா அது மருந்து தம்பி. ரெண்டு பேரும் சாப்பிட்டா சாப்பாடு."

உள்ளேயிருந்து அன்ரி குரல் கொடுத்தார். "ரெண்டு பேர் சாப்பிட்டாலும் அது சக்கைதான்."

அப்படியே சில வருடங்கள் போயின. கடைசிக் காலத்தில் இரத்தம் சுத்திகரிக்க அடிக்கடி ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தார்கள். அங்கிள் மற்றவர்களுக்குச் சமைப்பதை நிறுத்திவிட்டார். நான் கலியாணம் முடித்து வெள்ளவத்தைக்கு வந்துவிட்டேன். தர்ஷினி வத்தளையில் வீடு எடுத்தாள். பெருநாளைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவோம். அன்ரி போனபோது, அந்த நாளைத் தள்ளிவைக்க ஒரு மனிதரால் செய்யக்கூடிய அத்தனையையும் அங்கிள் செய்துவிட்டார் என்பது ஒழுங்கை முழுவதற்கும் தெரிந்திருந்தது. அவருக்கு மட்டும் தெரிந்திருந்ததா என்று எனக்குச் சந்தேகம்.

முப்பத்தோராம் நாள் பூசைக்குப் பழைய ஆட்கள் எல்லோரும் வந்தோம். பூசை முடிந்து வீட்டில் சாப்பாடு. சாப்பாட்டை வெளியில் சொல்லி எடுக்கலாம் என்று எவ்வளவோ கேட்டும் விடாமல் அங்கிளே சமைத்தார். தட்டுகளை எடுக்க நானும் தர்ஷினியும் குசினிக்குள் போனோம். அடுப்பில் பெரிய சட்டியில் போஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. அங்கிள் துணியால் சட்டியைப் பிடித்துத் தூக்கி, தொட்டியில் ஒட்ட வடித்தார். முகத்தைத் திருப்பவில்லை. குழாயைத் திறந்துவிட்டார். புதுத் தண்ணீர் பிடித்து மறுபடியும் அடுப்பில் வைத்தார். கை தன்பாட்டில் வேலை செய்தது.

தர்ஷினி வாயைத் திறந்தாள். "அங்கிள், இனி" என்று தொடங்கினாள். அதற்குமேல் போகவில்லை. அந்த வாக்கியத்தை எப்படி முடித்தாலும் அது அன்ரி இல்லை என்பதில்தான் போய் நிற்கும். அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். நானும் வந்தேன்.

எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். சோறு, போஞ்சி, கிழங்கு, கோவா. எல்லாம் ஒரே வெளிறல். முதல் வாயிலேயே ஒவ்வொருவருக்கும் விளங்கிவிட்டது, ஆனாலும் பிசைந்து தின்றோம். பீட்றூட் தண்ணீரைக் கண்டு எழும்பிய அந்த வங்கிக்காரர்கூடத் தலை நிமிராமல் தின்றார்.

அங்கிள் போஞ்சிச் சட்டியையும் அகப்பையையும் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவராகச் சுற்றி வந்தார். தர்ஷினிக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"உப்புக் காணுமோ மகள், போதுமோ?"

அதில் உப்பே இல்லை.

"காணும் அங்கிள்," என்றாள் தர்ஷினி. தட்டை அவர் பக்கம் நீட்டினாள். "இன்னும் கொஞ்சம் போடுங்கோ."